ஜெபசெல்வி வீட்டுச் சாய்பலகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் காலனியில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தப் பிளாரன்ஸைவிட வாய் நீளமான பெண் ஒருத்தி எங்கள் மீனவர் சங்கத்தில் உண்டு. பெயர் ஜெபசெல்வி. நைலான் வலை பின்னுவதில் கெட்டிக்காரி. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் பிடுங்கிக்கொண்டது, நாக்கை மட்டும் இரட்டிப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போனது.

அப்பா கடலோடு போனவர். அம்மாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் ஜேசுதாசன்தான் அவளை வளர்த்தான். கோவிலுக்கு, ஞானோபதேச வகுப்புக்கு, அஞ்சாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்துக்கு, மாதா தேர் பார்க்க, எங்கே போனாலும் அவன் முதுகுதான் அவளுக்கு வண்டி. “ஜேசுதாசன் முதுகுல ஒரு மூட்டை இருக்கு, அது வழியெல்லாம் பேசிக்கிட்டே வரும்” என்று கடற்கரையில் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமைதான். கிளாடிஸைப் பெண் கேட்கப் போனபோதுகூட, “என் தங்கச்சி என்கூடத்தான் இருப்பா, அதுக்குச் சம்மதம்னா தாங்க” என்று சொல்லித்தான் கேட்டான். கிளாடிஸும் நல்லவள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். குறை இதுதான்: அண்ணன் கரையில் இருந்தால் அவளுக்கு உலகம் உண்டு, அவன் கடலுக்குப் போய்விட்டால் வீட்டு நிலைப்படியோடு உலகம் முடிந்தது. லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகளை மாட்டி ஒரு சக்கரப் பலகை செய்து வைத்திருந்தாள். அதில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளினால் ஓடும். ஆனால் கடற்கரைக் குடியிருப்பில் எங்கே பார்த்தாலும் மணல். மணலில் பேரிங் உருளுமா? பலகை வீட்டுக்குள் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் ஓடியது, அவ்வளவுதான்.

அவளுடைய சிநேகிதி பிலோமினாவுக்குக் கல்யாணம் நடந்தது பக்கத்துத் தெருவில்தான். அன்றைக்கென்று ஜேசுதாசன் போன லாஞ்சு கரைக்கு வரவில்லை. பேண்டு வாத்தியச் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது, இவள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டிருந்தால் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். “எத்தன பேரு கையிலதான்க்கா நான் இருக்கது?” என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

புதுத் துறைமுகம் வந்த மறுவருஷம், ஊருக்கு வடக்கே உப்பளம் தொடங்குகிற இடத்தில், சங்க உறுப்பினர்களுக்கு என்று சர்க்கார் காலனி கட்டினார்கள். குலுக்கல் போட்டார்கள். எனக்கு ஒரு வீடு விழுந்தது. என் சுவரை ஒட்டிய வீடு ஜெபசெல்வி பெயருக்கு விழுந்தது. வலை பின்னுகிறவர்களும் உறுப்பினர்கள்தானே!

அந்தக் காலனியில் எனக்குப் பிடித்தது குழாய்த் தண்ணீர். அவளுக்குப் பிடித்தது தெரு. சரள் போட்டு, தண்ணீர் ஊற்றி, ரோலர் உருட்டி இறுக்கிய தெரு. தெருமுனையில் சங்கத்தின் வலைக்கூடம், அதற்கு அப்பால் தார் ரோடு, ரோட்டின் மேலேயே சின்னக் கோவில். “இதுல பலகை ஓடும்க்கா” என்றாள். முகமெல்லாம் பல்.

ஆனால் ஜேசுதாசன் ஒரே பிடியாக நின்றான். “வீட்ட சங்கத்துக்கே திருப்பிக் குடுத்துருவோம். நான் என்ன செத்தா போயிட்டேன்? அம்மைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். தங்கச்சியத் தூக்க மாட்டாம தனியாத் தள்ளிட்டான்னு ஊருல நாலு பேரு பேசணுமா?”

“நீங்க தூக்குனது பத்தலைன்னு சொல்லலண்ணே. எனக்கு எப்பப் போவணும்னு தோணுதோ அப்பப் போவணும். அவ்வளவுதான்.”

“கோட்டி புடிச்சிருக்கு ஒனக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் கிடந்தார்கள். கிளாடிஸ் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தாள். இதற்கிடையில் பெரிய இடி வேறு பக்கமிருந்து வந்தது. ஜெபசெல்வி வீட்டைப் பார்க்க ஒரு சைக்கிள் ரிக்ஷாவில் வந்தாள். வந்தவள் இறங்கவே இல்லை. புயல் நாளில் கடல் ஏறி வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று தரையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வாசலுக்குச் செங்குத்தான படிகள். அதற்கு மேலே நிலைப்படி. கழிப்பறைக்குத் தனியாக ஒரு படி. காலுள்ளவர்களே மூச்சு வாங்குகிற ஏற்றம்.

ஓவர்சியர் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் சட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர். படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்டிக்கொள்ளலாமா என்று ஜெபசெல்வி கேட்டாள்.

“முடியாதும்மா. ஒருத்தருக்கு ஒரு மாதிரி கட்ட முடியாது. எல்லாருக்கும் ஒரே பிளான். செங்கல், சிமெண்டு எதுவும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மார்ச் மாசக் கடைசிக்குள்ள குடி வரலேன்னா வீடு அடுத்த ஆளுக்குப் போயிரும்.”

“எல்லாருக்கும் ஒரே பிளான்னா, எல்லாருக்கும் ஒரே மாதிரி காலு குடுத்திருக்கணும்லா ஆண்டவரு?” என்று நான் கேட்டேன். அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். முறைத்து என்ன பிரயோசனம், படி அங்கேயேதான் இருந்தது.

படகு கட்டும் ஆசாரி நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் விஷயம் போனது. பெரிய கையும் சின்னப் பேச்சுமான மனுஷர். எல்லாம் கேட்டுவிட்டு, “செங்கல்தான வைக்கக் கூடாதுன்னான்? மரம் வைக்கக் கூடாதுன்னு சொல்லலலா?” என்றார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பழைய துறைமுகத்தில் ஒரு தோணியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பலகைகளைக் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசலிலிருந்து தெருவுக்கு நேராக ஒரு சாய்பலகை அடித்துவிட்டார். அடியில் முட்டு, பக்கத்தில் பிடித்து ஏறக் கயிறு, எல்லாம் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காலனியே கூடிவிட்டது. ஜேசுதாசனும் வந்து தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் வாசலில் சாளைக் கருவாடு காயப்போட்டிருந்தேன், அதை எடுக்கக்கூட நேரமில்லை. ஜெபசெல்வி தன் சக்கரப் பலகையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கொஞ்ச தூரம் ஏறினாள். அதற்குமேல் பேரிங் நின்ற இடத்திலேயே வழுக்கியது. கிளாடிஸ் பின்னாலிருந்து தள்ளினாள். வாசலைத் தொடப் போன நேரத்தில் கிளாடிஸின் காலே வழுக்கிவிட்டது. ஏசு மரி சூசையே! வந்த வேகம் இருக்கிறதே! பலகையும் ஜெபசெல்வியும் சர்ரென்று இறங்கி, தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக என் கருவாட்டுப் பாயில் போய் விழுந்தார்கள்.

அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. தலையில் ஒரு சாளை. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதுக்கு என்ன தடவுனிய?” என்று கேட்டாள்.

நல்லக்கண்ணு தலையைச் சொறிந்தார். “சுறா எண்ணெய். மூணு பூச்சு.”

கடல்காற்றுப் படுகிற மரம் என்றால் அவர் கை தானாகவே எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விடும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். சரிவும் அப்படியே. படகைத் தண்ணீருக்குள் இறக்குகிற வாட்டத்தைத் தவிர வேறு வாட்டம் அவருக்குத் தெரியாது. எங்களுக்கும்தான் தெரியுமா? எண்ணெய் நாற்றம் காலனி முழுக்க அடித்தும், ‘அடடா நன்றாகத்தான் பூசியிருக்கிறார்’ என்று பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தானே நாங்கள்!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜேசுதாசன் சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். “கொன்னுருப்பியல்ல எல்லாருஞ் சேந்து! வேடிக்கையா பாக்கிய?” என்று கத்திவிட்டு, தங்கையை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு போயேவிட்டான். போகும்போது அவள் தோளுக்கு மேலாக அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு போனாள். எப்போதும் பேசிக்கொண்டே போகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். மார்ச் பிறந்துவிட்டது. வீடு போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் அவள் லேசில் விடுகிறவளா? கிளாடிஸ் மூலம் நல்லக்கண்ணுவை வரச்சொன்னாள். நானும் கூடப் போனேன், கூப்பிடாமலேதான்.

“அண்ணாச்சி, தோள்ல கிடக்க துண்டை எடுங்க. ரெண்டு முட்டியையும் சேத்துக் கட்டுங்க. இந்தப் பலகையில உக்காருங்க. நீங்க கட்டுன சரிவுல நீங்களே ஏறிப் பாத்துட்டு வாங்க.”

“நானா?”

“பின்ன, நான் ஏறுனதப் பாத்துட்டியல்லா.”

எண்ணெயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுநாள் அந்த மனுஷர் முட்டியைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். மரம் அறுத்த கை, படகு நிமிர்த்திய தோள். பாதி தூரம் போவதற்குள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கயிற்றை விட்டால் போதும் என்று ஆகிவிட்டது. இறங்கி வந்து நேராக அவளிடம் போனார்.

“ஏளா, இது பத்து பேரு சேந்து தள்ளுத வாட்டம். ஒத்த ஆளுக்கு ஆகாது.”

“பத்து பேரு தள்ளணும்னா, எங்க அண்ணன் ஒருத்தரே தூக்கிருவாரே அண்ணாச்சி.”

அதற்குப் பிறகு அவர் வேறு வேலையே பார்க்கவில்லை. வலைக்கூடத்துக்குப் பின்னால் பலகைகளை அடுக்கிச் சாய்ப்பார், முட்டியைக் கட்டுவார், ஏறுவார், மூச்சு வாங்கினால் இறங்கி இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் உட்கார வைத்தார். என்னையும் உட்கார வைத்தார். ஒல்லியான நானும் ஒருவர் கையும் படாமல் மேலே போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான், “இதுதான் வாட்டம்” என்று கயிற்றால் நீளம் அளந்தார். மேலே தார் பூசி, சூடு ஆறுவதற்குள் பொடிமணலைத் தூவி, சக்கரம் வழுக்காமல் சொரசொரப்பாக்கினார். வாசலுக்கு முன்னால் சக்கரப் பலகை திரும்ப ஒரு சதுரத் தட்டு. நிலைப்படியைச் சக்கரம் ஏறி இறங்க, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆப்பு மாதிரிக் கட்டைகள்.

ஒரே ஒரு சங்கடம். அவ்வளவு நீளம் தெருவில் இறங்கினால் வண்டி போக வழியில்லை. சுவரை ஒட்டித்தான் கொண்டுவர வேண்டும். அவள் வாசலில் தொடங்கிய கயிறு என் வீட்டுச் சுவர் முழுக்க ஓடி என் படியின் காலடியில் வந்து முடிந்தது. என் கருவாடு காய்கிற இடம், என் ஆடு கட்டுகிற இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“என்ன பாக்கிய? அந்தப் பாயத் தூக்கி அங்கன போடுங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் முனகினார். “நம்ம வாசலப் போயி...”

“ஒம்ம வாசலா? என்னைக்காவது ஒருநாளு அதப் பெருக்கியிருக்கீரா வே?” என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஜேசுதாசன் கடலுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து ஜெபசெல்வி குடிவந்தாள். ரகசியம் ஒன்றும் இல்லை. போகிற அன்று காலையில் அவனிடமே சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். அடுப்பு, பானை, வலைநூல், மாதா படம் எல்லாவற்றையும் கிளாடிஸ்தான் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஜெபசெல்வி அடியிலிருந்து உச்சி வரை ஒருவர் கையும் படாமல் ஏறினாள். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

முதல் வாரம் அவள் வலை பின்னவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இறங்குவாள், தெருமுனைக்குப் போவாள், திரும்புவாள், மறுபடியும் இறங்குவாள். கடகடவென்று அந்தப் பேரிங் சத்தத்தில் என் மத்தியானத் தூக்கம் போயிற்று.

“எங்கனளா போற இந்த வெயில்ல?” என்று கத்தினேன்.

“எங்கயும் இல்லக்கா. சும்மா போறேன்.”

சும்மா போவது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆடு ஒன்று மட்டும் தொல்லை. சாய்பலகையைத் தனக்கென்றே போட்டதாக நினைத்துக்கொண்டு உச்சியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விரட்டினால் இறங்காது. அது என் ஆடுதான்.

மாசக் கடைசியில் ஓவர்சியர் வந்தார். சாய்பலகையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். “என்னம்மா இது? கட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

நல்லக்கண்ணு முன்னால் வந்தார். “கட்டலய்யா. சாத்தி வச்சிருக்கு.” அடிமுனையை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக் காட்டினார்கள்.

ஓவர்சியர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். “இருந்தாலும்... இது பிளான்ல இல்லையே.”

வாசலில் உட்கார்ந்திருந்த ஜெபசெல்வி சொன்னாள்: “நானுந்தான் சார் ஒங்க பிளான்ல இல்ல. அதுக்காக என்னைய எங்கன கொண்டு போடுவிய?”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். மனுஷருக்கு வேர்த்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். குடித்துவிட்டு நோட்டை எடுத்தார். பிறகு, “குடியிருக்காங்கன்னு எழுதிக்கிறேன். இது பலகை. பலகைக்குச் சட்டம் கிடையாது” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கழிப்பறைப் படிக்கும் ஒரு பலகை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனார், அதையும் சொல்ல வேண்டும்.

வீடு நிலைத்துவிட்டது. அண்ணன்தான் வரவில்லை. ஈஸ்டருக்கு வரவில்லை. அவள் தன் கையால் பலகையைத் தள்ளிக்கொண்டு கோவிலுக்கு வந்த முதல் பூசையில், அவன் ஆண்கள் பக்கம் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தானாம். கிளாடிஸ் சொன்னாள். “ராத்திரி சோறு எறங்கல அவருக்கு. முதுகு வெறுமையா இருக்குதுன்னு சொல்லுதாரு.” ஜெபசெல்வி அதைக் கேட்டுவிட்டு வலை ஊசியைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்தாள். வருத்தம்தான். ஆனால் திரும்பிப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

மே மாசம் ஒரு சாயங்காலம் நான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஜேசுதாசன் கையில் ஒரு சீலாமீனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சாய்பலகையின் அடியில் நின்றான். ஆளைப் பார்த்தால் புது ஊரில் விலாசம் தேடுகிறவன் மாதிரி இருந்தது. எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைகிற மனுஷன், நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

“செல்வி... உள்ள வரட்டுமாளா?”

உள்ளே பேரிங் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. “இதென்ன கேள்வி? வாங்கண்ணே” என்றாள் அவள்.

அவன் படியில் ஏறவில்லை. சாய்பலகை வழியாகவே, ஒவ்வொரு அடியையும் அழுத்தி மிதித்துப் பார்த்து ஏறினான். எங்கள் சுவர் மெல்லியது. நான் காதைக் கொடுத்தேனா இல்லையா என்பது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். குழம்பு கொதித்தது. தட்டுச் சத்தம் கேட்டது. “இன்னுங் கொஞ்சம் சோறு போடுளா” என்ற குரலும் கேட்டது.

சாப்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தவன், பழக்க தோஷம், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். “வா, கொஞ்ச நேரம் காத்தாடக் கொண்டு போறேன்.”

“எந்திரிங்கண்ணே” என்றாள் அவள். “நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கிய. தெருமுனை வரைக்கும் நான் வந்து விடுதேன்.”

அவன் எழுந்தான். அவள் முன்னால் இறங்கினாள். பிறகு இரண்டு பேரும் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள், அவளுடைய கை தள்ளுகிற வேகத்துக்கு அவன் நடையைக் குறைத்துக்கொண்டான். முனைக்குப் போனதும் அவன் துண்டால் முகத்தைத் துடைத்தது இங்கிருந்தே தெரிந்தது. அவளைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அவள் போகவில்லை. அவன் தார் ரோட்டில் ஏறி நடந்தான், நின்று திரும்பிப் பார்த்தான், மறுபடி நடந்தான். அவள் கையை உயர்த்தி அசைத்துக்கொண்டே அங்கேயே இருந்தாள்.

இருட்ட ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. “ஏளா, போதும், வா!” என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: “இருங்கக்கா. மொத மொதலா ஒரு ஆள வழியனுப்புதேன்.”